நான்கு கிலோ இருநூறு கிராம்

விமானம் காமலாபுரத்தில் இரவு தங்கியது.
காலை ஆறு நாற்பதுக்கு மறுபடி பறக்க வேண்டும்.
இடையில் இருப்பதுதான் எங்கள் நேரம்.
பெங்களூரிலிருந்து நானும் ஜெரால்டும்
சாலை வழியே வந்தோம்,
தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்திருந்ததால்
ஒன்றரை மணி நேரம் தாமதமாய்.

மூன்றாம் வரிசைக்கு மேலே
பெட்டித்தட்டின் முதுகில் சர்வரைப் பொருத்தணும்.
சோற்று டப்பா அளவுதான்.
உள்ளே நூற்றுப்பத்து சினிமா,
குழந்தைகளுக்குப் பேசும் முயல்கள்,
யாரும் திறக்கப்போகாத பாதுகாப்பு விளக்கம்.
ஒயர் கிடையாது, எல்லாம் காற்றில் என்று விளம்பரம்.
அந்தக் காற்றுக்கு
நாற்பது மீட்டர் ஒயர் இழுத்தோம்.

கூரைப் பலகையைக் கழற்றினால்
விமானத்துக்குச் சட்டென்று வயதாகிவிடுகிறது.
பஞ்சு. தூசி.
எவரோ பத்து வருஷம் முன்பு போட்ட முடிச்சு,
இன்னும் நெகிழவில்லை.
ஜெரால்டுக்குச் சின்னக் கை, மெழுகு நூலால் கட்டிக்கொண்டே போனான்.
நான் டார்ச் பிடித்தேன்.
காவலுக்கு நின்ற செவ்வாய்ப்பேட்டைக்காரர் எட்டிப் பார்த்து,
"கொலுசுக்கு மணி கோக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார்.
பதினோரு வருஷ சர்வீஸில்
எங்கள் வேலையைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் வார்த்தை.

இரண்டு மணிக்குச் சோதனை.
எழுபத்திரண்டு இருக்கையிலும்
ஒரே நேரத்தில் படம் ஓடணும் என்கிறது தாள்.
நடுச்சாமத்தில் எழுபத்திரண்டு போனுக்கு எங்கே போக?
தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்தார்கள்.
லோடர்கள் ஆளுக்கு இரண்டு போனோடு.
துப்புரவுப் பெண்கள் நால்வர்.
ஜெனரேட்டர் பார்க்கும் மருதைவீரன் மட்டும்
கரண்ட் போனால் என்னைத்தான் திட்டுவீங்க என்று
கீழேயே நின்றுகொண்டான்.

உட்கார்ந்ததும் எல்லாரும் பெல்ட் போட்டார்கள்.
யாரும் சொல்லவில்லை.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை கறுப்பாய்,
உச்சியில் ஏற்காடு பத்துப் பதினைந்து விளக்காய்.
ஒன்பதாம் வரிசையில் ஒருவர் சிரிக்க
பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
வேறு வேறு படம்.

இரண்டு இருபதுக்குப் பாதிப் போன்களில்
வட்டம் சுற்ற ஆரம்பித்தது.
சேனல் மாற்றினோம். அணைத்துப் போட்டோம்.
லேப்டாப் எல்லாம் நலம் என்றது.
ஜெரால்டு துளுவில் வைதான்.
பதினான்காம் வரிசையிலிருந்து பாவாயி சொன்னாள்:
"ஏசி போட்டா அந்த எடத்துல சொட்டும்.
தெனம் நாந்தான தொடைக்கறன்.
மூடறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

திறந்தோம்.
கனெக்டரின் கழுத்தில் ஒரு துளி.
நூற்றி அறுபது பக்க வரைபடத்தில்
எங்கேயும் இல்லாத துளி.

பெட்டியை நாலு விரற்கடை பின்னால் தள்ளி
ஒயரைத் தாழவிட்டு வளைத்து மேலேற்றினோம்,
வருகிற தண்ணீர் வளைவில் இறங்கிப் போகட்டும் என்று.
மறுபடி ஓடவிட்டோம். ஓடியது.

பாவாயி சினிமா வைக்கவில்லை.
திரையில் வரைபடம், சேலத்தின்மேல் குட்டி விமானம்.
வேகம் பூஜ்யம்.
உயரம் ஆயிரத்தெட்டு அடி.
"அம்புட்டு உசரத்துலயா இருக்கறம்?"
கடல் மட்டத்திலிருந்து கணக்கு என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப ஏறாமயே ஏறிட்டம்."
விடிகிறவரை அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை.

ஐந்து மணிக்குப் பதிவேடு.
விமானத்தின் எடை கூடியது:
நான்கு கிலோ இருநூறு கிராம்.
பொருத்திய இடத்தில் மாற்றம்: உண்டு.
காரணம்: ஈரம்.
கண்டறிந்தவர் என்ற கட்டம்
பெயர் கேட்கவில்லை, லைசென்ஸ் எண் கேட்டது.
பின்னால் அவள் எங்கள் நூல் துண்டுகளைக்
கூட்டிக்கொண்டு வரும் சத்தம்.

என் எண்ணை எழுதினேன்.